அறுபது நாள் விடுப்பு

மூன்று பெட்டிகள் வரைந்திருக்கிறேன்.
தொற்றக்கூடியவர். தொற்றியவர். ஊசி போட்டுக்கொண்டவர்.
சிபிலிஸ் குணமாகும், எதிர்ப்புச் சக்தி தராது;
ஆகவே மூன்றாம் பெட்டியிலிருந்து முதலுக்கு
வளைந்து திரும்பும் ஓர் அம்பு.
நம்மூரில் இதற்கு மேகநோய் என்று பேர்.
மஸ்கட்டில் வருஷத்துக்கு நாலு நாள்தான் மேகம்.

ஒருமுறை நெருங்கினால் ஒட்டும் வாய்ப்பு,
பெருக்கல், புதுத் துணை சேரும் வேகம்,
பெருக்கல், நோய் உடம்பில் தங்கும் காலம்.
விடை ஒன்றைத் தாண்டினால் வளரும்,
தாண்டாவிட்டால் வடியும்.
அந்த ஒன்றைக் காவல் காப்பது என் உத்தியோகம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜெர்லின் முகாம் முகாமாகப் போனாள்.
கடந்த ஓராண்டில் எத்தனை பேர்?
ஆண்கள் சொன்னதைக் கூட்டினேன்: நானூற்றுப் பன்னிரண்டு.
பெண்கள் சொன்னதைக் கூட்டினேன்: முப்பத்தேழு.
ஒரு கைகுலுக்கலில் இரண்டு கை இருந்தாக வேண்டும்.
மிச்சக் கைகள் யாருடையவை?
ஆணோடு ஆண் என்றொரு கட்டம் படிவத்தில் உண்டு.
அதில் கோடு போட்டிருக்கிறார்கள்,
அழுத்தி, தாள் கிழிய.

"பொய்க்கும் ஒரு குணகம் போடு" என்றார் டாக்டர் துரையா.
போட்டேன்.
கிரேக்க எழுத்தில் பொய் கண்ணியமாகத் தெரிகிறது.
நானே ஒரு படிவம் நிரப்பிப் பார்த்தேன்.
ஒரு கேள்வியில் பேனா நின்றது.
எந்தக் கேள்வி என்று சொல்லப்போவதில்லை.

எண் 214.
வாதி கபீர். சாரம் கட்டுபவர். வயது முப்பத்தொன்று.
ரத்தம்: ஒன்றுக்கு முப்பத்திரண்டு.
ஊசிக்கு வந்தாரா என்ற இடம் காலி.
ஓரத்தில் ஜெர்லினின் கோழிக்கிறுக்கல்:
'ஊர்ல இருக்கிற சம்சாரத்தைச்
சேர்க்கணுமா மேடம், வேண்டாமா என்கிறார்.
வேண்டாம் என்றேன்.'
வழிகாட்டிக் குறிப்பு, பக்கம் ஒன்பது,
நான்தான் எழுதினேன்:
ஆய்வு எல்லைக்குள் வசிப்போர் மட்டும்.

அன்றிரவு எல்லைக்கு வெளியே
பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன்.
எழுநூற்று முப்பது நாளில்
அறுபது நாள் மட்டும் திறக்கும் ஒரு கதவு.
பத்தாயிரம் தடவை ஓட்டினேன்.
மஸ்கட்டின் வளைகோடு இம்மி அசையவில்லை.
அசையவேண்டியது வட்டத்துக்குள்;
அங்கே அச்சு இல்லை, அலகு இல்லை, மாதிரி ரத்தம் இல்லை.
அவளுக்குப் புதுத் துணை சேரும் வேகம் சுழியம்.
ஒருவர்தான். பல வருஷமாக அதே ஒருவர்.
சுழியத்தால் எதைப் பெருக்கினாலும் சுழியம்.
சூத்திரப்படி
ஆபத்தே இல்லாதவள்.

அறிக்கைக்கு வட்டத்தை அழித்தேன்.
தடம் இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்.

வியாழன் இரவு, திருவனந்தபுரம் வரிசை.
ஜெர்லினை வழியனுப்பப் போயிருந்தேன்.
நூற்றறுபது தலை. என் மதிப்பீடு நூற்றுக்கு இரண்டு.
ஆக, மூன்று பேர்,
பிறகு ஐந்தில் ஒரு பங்கு மனிதன்.
பேர் கேட்கக் கூடாது என்பது எங்கள் நெறி.
இப்போதும் அது சரி என்பேன்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் பெட்டியைத் தராசில் ஏற்றினார்.
முப்பத்திரண்டு புள்ளி நான்கு.
"ரெண்டு கிலோ எடுக்கணும் அண்ணா."
தரையில் மண்டியிட்டுப் பிரித்தார்.
பாதாம், தைலம், பிரிக்காத உறையில் ஒரு நைட்டி,
இரண்டரைக் கிலோ பால்பவுடர் டின்.
ஒவ்வொன்றையும் கையில் தூக்கி
எடை பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு.
சாரம் கட்டுகிற தோள் என்று தோன்றியது.
அந்த வரிசையில் பாதித் தோள்கள் அப்படித்தான்.

டின்னோடு எழுந்து திரும்பினார்,
யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று.
ஜெர்லினைப் பார்த்ததும் நின்றார்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
என் பக்கம் திரும்பவுமில்லை.
தன் பையின் ஜிப்பைத் திறந்து
டின்னை வாங்கி வைத்துக்கொண்டாள்.